415-க்கு வந்த 200-ம் 460-ம்: டிரான்ஸ்பார்மரா, டிரைவா, புது மோட்டாரா?

காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டுவதுதான் என் தொழில். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் இரண்டு இறக்குமதி மெஷின்களைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஒன்று, பலகாரக் கடைக்காக ஓர் ஆச்சி வாங்கியிருந்த பழைய ஜப்பான் பேக்கிங் மெஷின். தேன்குழலும் மாவுருண்டையும் பாக்கெட் போட. இன்னொன்று, இடித்த வீடுகளின் தேக்கு உத்தரங்களை இழைத்து விற்கும் மரப்பட்டறையில் இறங்கிய அமெரிக்க பிளேனர். இரண்டு பேருக்கும் யாரோ ஒரே யோசனையைச் சொல்லியிருந்தார்கள்: “ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கிப் போடுங்க, முடிஞ்சது.” ஒரு மெஷினுக்கு அது சரி. இன்னொன்றுக்கு அதுதான் எமன்.

இந்தச் சீமைக்கு வெளிநாட்டுச் சாமான் புதிதில்லை. பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கப்பலில் வந்து வீடு வீடாக ஏறின. ஆனால் அவை எதுவும் கரண்ட் கேட்கவில்லை.

மெஷின் வந்ததும் முதல் வேலை, மோட்டார் பிளேட்டைத் துடைத்துப் படிப்பது. எல்லோரும் வோல்ட்டை மட்டும் படிப்பார்கள். அதன் பக்கத்தில் இருக்கும் ஹெர்ட்ஸ், அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை சுற்று அலைகிறது என்ற கணக்கு, அதுதான் வில்லங்கம். நம் ஊர் த்ரீ பேஸ் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆச்சியின் மெஷினில் 200 வோல்ட், 50/60 என்று இருந்தது. ஜப்பானில் கிழக்குப் பகுதிக்கு 50, மேற்குப் பகுதிக்கு 60 என்று ஒரே நாட்டுக்குள் இரண்டு இருப்பதால், அங்கே செய்கிற மெஷின்கள் பல இரண்டுக்கும் பொருந்தும். பிளேனரில் 460 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மட்டும்.

மோட்டாரின் இரும்பில் எவ்வளவு காந்தம் ஏறுகிறது என்பதை வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்துப் பார்த்துவிடலாம். 460-ஐ 60-ஆல் வகுத்தால் 7.67. அந்த இரும்பு அதற்காக அளந்து வைத்தது. நம் 415-ஐ 50-ஆல் வகுத்தால் 8.3, சுமார் 8 சதவீதம் அதிகம்; பெரும்பாலான மோட்டார்கள் தாங்கிக்கொள்ளும். டிரான்ஸ்பார்மர் போட்டு 415-ஐ 460 ஆக்கினால்? ஹெர்ட்ஸ் 50-லேயே நிற்கும், ஏனென்றால் டிரான்ஸ்பார்மர் ஹெர்ட்ஸைத் தொடாது. 460-ஐ 50-ஆல் வகுத்தால் 9.2. இருபது சதவீதம் கூடுதல். அந்த நிலையில் இரும்பு நிரம்பிப்போய், கரண்ட் கண்டபடி ஏறும்.

பட்டறையில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. 5 எச்.பி. மோட்டார், பிளேட்டில் முழு லோடுக்கு 6.6 ஆம்பியர். ஒரு பலகைகூட ஊட்டாமல் சும்மா ஓடும்போதே கிளாம்ப் மீட்டர் 6.8 காட்டியது. மோட்டார் மேல் கை வைக்க முடியவில்லை. “வோல்டேஜ் கரெக்டாத்தானே இருக்கு, அண்ணே?” என்றார் பட்டறைத் தம்பி. டிரான்ஸ்பார்மரைக் கழற்றிவிட்டு நேராக 415 கொடுத்தோம். 3.6-க்கு இறங்கியது.

அப்படியானால் நேராகக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா? போகலாம், வேகம் ஆறில் ஒரு பங்கு குறைவதைப் பொறுத்துக்கொண்டால். ஊட்டும் உருளையும் அதே மோட்டாரில் ஓடுவதால் அதுவும் சேர்ந்தே மெதுவாகும். வெட்டுத் தழும்புகளின் இடைவெளி மாறாது. நிமிடத்துக்கு 60 அடி போன இடத்தில் 50 அடி போகும், அவ்வளவுதான். இது செலவே இல்லாத வழி, அதனால் முதலில் இதைத்தான் சொல்வேன். பலருக்கு இதுவே போதும்.

வேகம் வேண்டும் என்பவர்கள் புல்லியை மாற்றப் பார்ப்பார்கள்: மோட்டார் பக்கம் 100 மி.மீ. இருந்தால் 120. வேகம் திரும்பிவிடும். ஆனால் அதே வெட்டுக்கு மோட்டார் 20 சதவீதம் கூடுதலாக முறுக்க வேண்டும். பழைய தேக்கில் கணு வந்தால் டிரிப் ஆகும். எனக்குப் பிடிக்காத வழி.

கோயம்புத்தூர் மோட்டார் ஒன்றை வாங்கி மாட்டுவது நல்ல வழி போலத் தெரியும். ஆனால் அமெரிக்க 5 எச்.பி. மோட்டாரின் தண்டு 28.58 மி.மீ.; நம் மோட்டாரின் தண்டு 28. அந்த அரை மில்லிமீட்டரில் பழைய புல்லி லொடலொடக்கும். கால் துளைகளும் சேராது. அதோடு நம் மோட்டார் 1440-தான் சுற்றும், ஆக புல்லியையும் மாற்றித்தான் ஆக வேண்டும். எரிந்துபோன மோட்டாராக இருந்தால் இதைச் செய்யலாம். நல்ல மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காயில் கட்டச் சொன்னால், என் தொழிலே அதுதான் என்றாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வேகம் குறையாமல் இருக்க, பிளேனருக்கு நான் போட்டது டிரைவ்: மோட்டாருக்குப் போகும் வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் மாற்றித் தரும் எலக்ட்ரானிக் பெட்டி. 460 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று செட் செய்தால், அது வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் சேர்த்தே ஏற்றும். உள்ளே வருவது 415 என்பதால் அதற்கு மேல் வெளியே கொடுக்காது. 60 ஹெர்ட்ஸில் காந்தம் 10 சதவீதம் குறைவு. இழைப்புக்கு அது தடையில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: டிரைவை மோட்டாருக்கு மட்டும்தான் மாட்ட வேண்டும். மெஷினின் மொத்த பேனலையும் டிரைவுக்குப் பின்னால் மாட்டுகிறவர்கள் உண்டு. பேனலுக்குள் இருக்கும் சின்ன கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் போய்விடும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கும் கன்டாக்டர் (லைனைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) ஓட்டத்தில் விழுந்து எழக் கூடாது.

அதே டிரைவை ஆச்சியின் பேக்கிங் மெஷினுக்குப் போட்டால் கெடும். உள்ளே சர்வோவும் (அளந்து நகர்த்தும் மோட்டாரும் அதன் கார்டும்) பவர் சப்ளையும்; டிரைவின் துண்டு துண்டான வோல்டேஜ் அவற்றுக்கு ஆகாது. அங்கே டிரான்ஸ்பார்மர்தான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே காயிலைப் பொதுவாக வைக்கும் ஆட்டோ டிரான்ஸ்பார்மரா, இரண்டு காயிலும் தனியா என்பதில் மட்டும் பேச்சு இருந்தது. 415-க்கும் 460-க்கும் இடையே என்றால் ஆட்டோவுக்குப் பத்தில் ஒரு பங்கு இரும்பும் செம்பும் போதும். 415-ஐ 200 ஆக்க பாதிக்கு மேல் வேண்டும், மிச்சம் அந்த அளவுக்கு இல்லை. பொதுக் காயில் அறுந்தால் 415 அப்படியே 200 வோல்ட் சர்வோ மேல் போய் விழும்.

“தம்பி, விலை பாதி குறையுதுன்னு சொன்னாங்களே?”

“ஒரு சர்வோ கார்டு போனா அந்தப் பாதியும் போயிடும், ஆச்சி.”

தனிக் காயில் உள்ளதே வாங்கினார். மெஷின் 6 கிலோவாட், 10 கே.வி.ஏ. எடுத்தோம். உள்வாங்கும் பக்கம் 380, 415, 440 என்று டேப் (மாற்றி மாட்டிக்கொள்ளும் முனைகள்) கேட்டு வாங்கினோம். சாயங்காலம் இறங்கும் வோல்டேஜுக்கு அது உதவும். 200 வோல்ட் பக்கத்தில் மூன்று காயிலும் சேரும் ஸ்டார் முனையை எர்த் செய்ய மறக்கக் கூடாது. இல்லையென்றால் பாடியில் கசிந்தாலும் பிரேக்கர் சும்மா இருக்கும்.

மோட்டாருக்கு மட்டுமில்லாமல் முழு மெஷினுக்கும் ஹெர்ட்ஸையே மாற்றித் தரும் கன்வெர்ட்டர் என்று ஒன்றும் உண்டு. முழு மெஷினும் 60-ஐத் தவிர வேறெதையும் ஏற்காது என்றால்தான் அது. எங்கள் பக்கத்தில் நான் இதுவரை போட்டதில்லை. புதுவயல் அரிசி ஆலைகளில் அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர்கள் பெரும்பாலும் சிங்கிள் பேஸ் 220 ரகம். அங்கே இந்தப் பேச்சே எழாது.

மரத்தூளுக்குப் பயந்து டிரைவ் பெட்டியைச் சுவருக்கு அந்தப் பக்க அறையில் வைத்தோம். கழற்றிய டிரான்ஸ்பார்மர் பட்டறை மூலையில் கிடக்கிறது. சாணைக்கல்லை அதன் மேல்தான் வைத்திருக்கிறார்கள்.