கடிகாரமா, மூச்சா, நடையா? சென்னையில் முதல் ஃபுல் மாரத்தான் ஓடப்போகிறவருக்கு

சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வரும். ஆடி முடிவதற்குள்ளேயே எங்கள் ஓட்டக் குழுவில் "இந்த வருஷம் டார்கெட் என்ன?" என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். பதில் பெரும்பாலும் ஓர் எண்தான். நாலரை மணி நேரம், ஐந்துக்குள், சிலருக்கு நாலு. 42.195 கிலோமீட்டருக்கு இலக்கு வைக்க வேறு வழிகளும் இருக்கின்றன. மூன்றை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: நேரத்தைப் பிடித்து ஓடுவது, மூச்சைக் கேட்டு ஓடுவது, ஓட்டமும் நடையும் கலப்பது.

முதலில் நேரம். இதன் பலம் போட்டி நாளில் தெரிவதைவிடப் பயிற்சி மாதங்களில்தான் அதிகம் தெரியும். நாலரை மணி நேரம் என்று முடிவு செய்துவிட்டால், கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி என்ற பேஸ் கையில் வந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை எந்த வேகம், ஞாயிறு லாங் ரன் (நீண்ட தூரப் பயிற்சி ஓட்டம்) எவ்வளவு மெதுவாக என்பதெல்லாம் அதிலிருந்து தானாகப் பிறக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, போர்வைக்குள் இருந்து எழுப்பிவிடவும் ஓர் எண் வேண்டியிருக்கிறது. "நல்லா ஓடணும்" என்ற ஆசைக்கு அந்தச் சக்தி கிடையாது.

ஆனால் அந்த எண்ணுக்கு வானிலை தெரியாது. ஜனவரி அதிகாலையில்கூட நம் கடற்கரைக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை கொட்டும், ஆனால் காயாது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஆகாதபோது, சூட்டை வெளியேற்ற இதயம் தோலுக்குக் கூடுதலாக ரத்தத்தை அனுப்ப வேண்டியிருக்கிறது. அதே 6:24 பேஸில் ஓடிக்கொண்டே இருந்தாலும் இதயத்துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது இதனால்தான். கடிகாரத்தில் வேகம் மாறவே இல்லை. உடம்புக்கோ வேலை கூடிக்கொண்டே போகிறது.

என் முதல் ஃபுல்லில் நான் செய்தது இன்னும் மோசம். இருட்டும் கூட்டமும் தந்த உற்சாகத்தில், "இப்பவே கொஞ்சம் நேரம் சேர்த்து வச்சுக்கலாம்" என்று முதல் பாதியை 2 மணி 10 நிமிடத்தில் முடித்தேன். திட்டப்படி 2:15 ஆகியிருக்க வேண்டும். சேர்த்தது ஐந்து நிமிடம். இரண்டாம் பாதிக்கு 2:42 ஆனது. 34-வது கிலோமீட்டரில் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. அதன் கணக்கு எளிது. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ ஆளுக்கு முழுத் தூரத்துக்கும் மூவாயிரத்தை ஒட்டி வரும். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஏறக்குறைய இரண்டாயிரம் கலோரிதான். மீதியைக் கொழுப்பு தர வேண்டும். வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டுக் கிளைக்கோஜனையே அதிகம் எரிக்கும். ஆரம்பத்தில் சேர்த்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் கடைசியில் வட்டி கட்டியது இப்படித்தான்.

அடுத்தது மூச்சு. முதல் 30 கிலோமீட்டர் வரை பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு உடைந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். கடிகாரம் பின்னால்தான். இரண்டாவது வருடம் அப்படி ஓடினேன். முதல் பாதி 2:19, இரண்டாம் பாதி 2:18. மொத்தம் 4:37. முந்தைய வருடத்தைவிடக் கால் மணி நேரம் குறைவு. என்னைத் தாண்டிப் போன பலரைக் கடைசி எட்டு கிலோமீட்டரில் நான் தாண்டினேன். ஒரு ஓட்டக்காரருக்கு அதைவிட நல்ல உற்சாக மருந்து வேறில்லை.

பின்பாதியை வேகமாக ஓடுவது உலகத் தரத்திலும் நடப்பதுதான். 2018 பெர்லின் மாரத்தானில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே 2:01:39 என்ற உலக சாதனை படைத்தபோது முதல் பாதி 61:06, இரண்டாம் பாதி 60:33. 2023 சிகாகோவில் இன்னொரு கென்யரான கெல்வின் கிப்டம் 2:00:35-இல் முடித்தபோது 60:48, 59:47. அதே கிப்சோகே 2022 பெர்லினில் முதல் பாதியை 59:51-இல் பறந்துவிட்டு, பின்பாதியில் 61:18 எடுத்தும் 2:01:09 என்று தன் சாதனையைத் தானே முறியடித்தார். ஆகவே இது மாறாத விதி அல்ல. ஆனால் பின்பாதியில் அவர் இழந்தது ஒன்றரை நிமிடம்கூட இல்லை. நான் இழந்தது அரை மணி நேரத்துக்கும் மேல்.

மூச்சு முறைக்கும் ஒரு குறை உண்டு: புதிதாக ஓடுபவருக்குத் தன் மூச்சையே படிக்கத் தெரியாது. முதல் பத்து கிலோமீட்டரில் எல்லா வேகமும் சுலபமாகத்தான் தோன்றும். நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை பல ஞாயிறுகள் பேசிக்கொண்டே ஓடிப் பழகினால்தான் அது பிடிபடும். தனியாக ஓடுபவருக்கு இது இன்னும் கடினம். குழு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். அதிகாலை நாலரை மணிக்கு காந்தி சிலைப் பக்கம் ஒருவர் காத்திருக்கிறார் என்பது அடுத்த காரணம்.

மூன்றாவது, ஓட்டமும் நடையும். நம் ஊரில் இதைத் தோல்வி மாதிரி பார்க்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம். இந்த முறையைப் பரப்பிய ஜெஃப் காலோவே 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். களைத்த பிறகு நடப்பது இந்த முறையே இல்லை. முதல் கிலோமீட்டரிலிருந்தே இடைவெளி வைத்து நடக்க வேண்டும்.

நான்கு நிமிடம் 6:00 பேஸில் ஓட்டம், ஒரு நிமிடம் 10:00 பேஸில் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் 767 மீட்டர். சராசரி 6:31, முழுத் தூரத்துக்கு 4 மணி 35 நிமிடம். இன்னொருவர் 34 கிலோமீட்டர் வரை நிற்காமல் 6:24-இல் ஓடி, மீதியை நடக்கிறார். அவருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். என் முதல் ஃபுல்லில், நான் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தபோது, முதலிலிருந்தே நடந்து நடந்து வந்த எங்கள் குழு அக்கா ஒருவர் என்னைத் தாண்டினார். "நிக்காத தம்பி, நடந்துகிட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நெரிசலான தொடக்கத்தில் நடக்கும்போது பின்னால் வருபவருக்கு இடைஞ்சலாகாமல் ஓரம் போக வேண்டும், அதுதான் இதில் ஒரே சங்கடம். தண்ணீரையும் உப்புக் கரைசலையும் சிந்தாமல் குடிக்கவும் அந்த ஒரு நிமிடம் போதும். மணிக்கணக்கில் வியர்த்துக்கொண்டு வெறும் தண்ணீரை மட்டும் வயிறு முட்டக் குடிப்பது ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

அப்படியானால் எது? பத்து கிலோமீட்டருக்கும் ஹாஃபுக்கும் (அரை மாரத்தான்) கடிகாரத்தை நம்பலாம், கிளைக்கோஜன் தீர்வதற்குள் முடிவுக் கோடு வந்துவிடும். முதல் ஃபுல் என்றால், லாங் ரன்னில் 28 கிலோமீட்டர் வரை பேசிக்கொண்டே ஓட முடிந்தவர்களுக்கு மூச்சு முறை. மற்ற எல்லோருக்கும் 4-1 நடை முறை, தயங்கவே வேண்டாம். எண் இல்லாமல் தூக்கம் கலையாது என்பவர்கள் ஒன்றுக்குப் பதில் மூன்று எண் வையுங்கள். காற்று இதமாக இருந்தால் ஒன்று, வழக்கமான புழுக்கத்துக்கு ஒன்று, எது நடந்தாலும் நல்லபடியாக முடிப்பது ஒன்று. எனக்கு இந்த முறை 4:25, 4:35, ஐந்துக்குள். எதைப் பிடிப்பது என்று 30-வது கிலோமீட்டர் பலகையைப் பார்த்த பிறகு முடிவு செய்வேன். அதுவரை வாட்சை முழுக்கைக்குள் தள்ளிவிட்டு ஓடுவதாக இருக்கிறேன்.