பெங்களூரில் விதை போட்டு வளர்க்க மங்குஸ்தானா, ஜபோடிகாபாவா?

மே, ஜூனில் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வந்து இறங்கியதும், தின்ற பழத்தின் கொட்டையை ஒரு தொட்டியில் ஊன்றிப் பார்க்கும் ஆசை நம்மில் பலருக்கு வரும். ஊன்றினால் முளைத்தும் விடும். சதையைச் சுத்தமாகக் கழுவி, வெயில் படாமல், ஓரிரு நாளில் மண்ணுக்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான். கத்தரி விதை மாதிரி காயவைத்து டப்பாவில் எடுத்து வைத்தால் உயிர் போய்விடும். ஆகவே முளைப்பை வைத்து எந்த மரத்தையும் மெச்ச வேண்டாம். பத்து வருஷம் கழித்து கையில் என்ன இருக்கும் என்று பார்ப்போம்.

ரம்புட்டானை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். விதைக்கன்றுகளில் பாதி வரை ஆண் மரமாகப் போகலாம். அது தெரிவதற்கே பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். பெண்பூ பூத்தாலும் தாய்மரத்துப் பழம் வரும் என்பது நிச்சயமில்லை. வேண்டுமென்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள். குடகில் செட்டள்ளி ஆய்வு நிலையம் வெளியிட்ட அர்கா கூர்க் அருண் மாதிரி ரகங்கள் இருக்கின்றன. அதற்கும் தரையில் இடம் வேண்டும்.

மங்குஸ்தானுக்கு இந்தச் சூதாட்டம் இல்லை. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கிற மரம் அது. விதையிலிருந்து வருவது தாயின் அச்சு. ஒட்டுக் கட்டாமலே நல்ல பழம் உறுதி. ஆனால் நம்ம ஊர்தான் அதற்குத் தோது இல்லை. குற்றாலத்திலும் பர்லியாறிலும் அது செழிப்பது அங்கிருக்கிற ஈரக்காற்றால். 20 டிகிரிக்குக் கீழே போனால் அதன் வளர்ச்சி முடங்கும். இங்கே டிசம்பர், ஜனவரி ராத்திரிகள் 15 பக்கம் இறங்குகின்றன. அப்புறம் பிப்ரவரியிலிருந்து காற்று காய்ந்துபோய், இலை நுனி கருகும். வேரும் மென்மையானது, தொட்டி மாற்றினால் முரண்டு பிடிக்கும். தோதான இடத்திலேயே விதைக்கன்று காய்க்க எட்டு, பத்து வருஷம் எடுக்கும். வீட்டு அக்ரிமென்ட் 11 மாதம்!

இப்போது ஜபோடிகாபா. பிரேசில்காரர்களின் பழம்; திராட்சை போலக் கறுப்பாக, கிளை நுனியில் இல்லாமல் அடிமரத்திலேயே அப்பிக்கொண்டு காய்க்கும். இதுவும் விதையில் பெரும்பாலும் தாயைப்போலவே வரும். இதுவும் எட்டு வருஷத்துக்குக் குறையாமல் காக்க வைக்கும். பிறகு எதற்கு இது மேல் என்கிறேன்? லேசான உறைபனியையே தாங்குகிற மரத்துக்கு பெங்களூர்க் குளிர் ஒன்றுமில்லை. பெரிய தொட்டியிலேயே காய்க்கும், வீடு மாறினால் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போகலாம். முக்கியமான விஷயம், பறித்த மூன்று நான்கு நாளில் பழம் புளித்துவிடும் என்பதால் அது கடைக்கு வருவதே அபூர்வம். மங்குஸ்தானையாவது காசு கொடுத்து வாங்கிவிடலாம்.

ஜபோடிகாபாவிடம் ஒரே தொல்லை தண்ணீர். அதற்கு அமிலத்தன்மையுள்ள மண் பிடிக்கும். உப்பு மிகுந்த போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் தளிர் வெளுத்து மஞ்சளாகும். மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய்க்கு அடியில் ஒரு டிரம் வைத்து மழைநீர் பிடித்து ஊற்றுங்கள். இல்லாவிட்டால் காவிரித் தண்ணீர். தொட்டி காயவே கூடாது. சிவப்பு ஜபோடிகாபா என்கிற கலப்பினம் இதைவிடச் சீக்கிரம் காய்க்கும், விதை கிடைத்தால் விடாதீர்கள்.

அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு சுரினாம் செர்ரி. விதை போட்டு இரண்டு மூன்று வருஷத்தில் பழம், தொட்டி போதும், குளிரும் வெயிலும் ஒன்றும் செய்யாது. குட்டிப் பூசணி மாதிரி வரிவரியாக இருக்கும். ருசியில்தான் சண்டை: ஆரஞ்சு நிறத்தில் பறித்தால் பிசின் வாடை அடித்து, வீட்டில் யாரும் இரண்டாவது பழம் கேட்க மாட்டார்கள். கருஞ்சிவப்பாகி, தொட்டாலே கையில் விழும்வரை விடவேண்டும். அப்போதும் இது ஜபோடிகாபாவுக்கு ஈடில்லை என்பது என் கட்சி.

முட்டைப்பழம் சொந்த மண் உள்ளவர்களுக்கு. விதையின் மேலோட்டை லேசாக உடைத்து ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும். வேகவைத்த மஞ்சள்கரு மாதிரி மாவாக இருக்கும் பழம். பாலில் அடித்துக் குடித்தால் நன்றாக இருக்கும்.

எனக்கு மாடி மட்டும்தான் என்றால் இந்த ஜூன் மழைக்கே ஜபோடிகாபாவும் சுரினாம் செர்ரியும் சேர்த்து ஊன்றிவிடுவேன், முன்னது காய்க்கும்வரை பின்னது கைகொடுக்கும். லால்பாக் மலர்க் கண்காட்சிப் பக்கம் போய்க் கன்றாக வாங்குகிறவர்கள், விதைக்கன்றா ஒட்டுக்கன்றா என்று கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.