விண்ணப்பக் கட்டுரைக்கு ஏஐ: சில சீசன்கள் பயன்படுத்திய பிறகு

அமெரிக்கா, பிரிட்டன் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் தங்களைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டிய கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது எனக்குப் பல வருடப் பழக்கம். தொழில் இல்லை, தெரிந்தவர்கள் கேட்பார்கள், செய்வேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது அந்த வருட விண்ணப்பங்களில் பாதியை ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது. அடுத்த சீசனிலிருந்து சந்தா கட்டி ஒரு சாட்பாட்டை இந்த வேலைக்கென்றே வைத்திருக்கிறேன். எது என்று கேட்காதீர்கள், மாற்றி மாற்றிப் பார்த்ததில் இந்த வேலைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேள்வி கேட்க விட்டால் நல்ல கருவி, எழுத விட்டால் பிள்ளையையே காணாமல் ஆக்கிவிடுகிறது.

எழுத விட்டதைத் தனியாக எடுத்துப் படித்தால் குறையே தெரியாது. இலக்கணம் சுத்தம், நடை வழுக்கிக்கொண்டு போகும், பெற்றோர் படித்துவிட்டுப் பூரித்துப் போவார்கள். நான்கைந்து பிள்ளைகளின் கட்டுரைகளை ஒரே மாலையில் படிக்கும்போதுதான் விஷயம் பிடிபடும். எல்லாமே ஏதோ ஒரு சத்தத்திலோ வாசனையிலோ தொடங்கும், நடுவில் ஒரு தோல்வி வரும், ‘அன்றுதான் உணர்ந்தேன்’ வரும், கடைசியில் உலகத்தை மாற்றப் போகும் உறுதி வரும். நீச்சல் போட்டிக்குப் போகிறவனும் ரோபோ செய்கிறவளும் ஒரே ஆள் மாதிரி பேசுவார்கள். வாழ்த்து அட்டையில் அச்சடித்த வரி மாதிரி, யார் பெயரை வேண்டுமானாலும் மேலே போட்டுக்கொள்ளலாம். நாலு படித்த எனக்கே சலிக்கிறது என்றால், ஒரு சீசனில் நூற்றுக்கணக்கில் படிக்கும் அட்மிஷன் அதிகாரிக்கு எப்படி இருக்கும்?

ஒரு மாணவி தன் தாத்தாவைப் பற்றி எழுத நினைத்தாள். அவருக்குக் காது சரியாகக் கேட்காது, இவள்தான் வீட்டில் அவருக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொல்பவள். இந்த இரண்டு வரியைச் சாட்பாட்டிடம் கொடுத்தாள், மௌனம் எனக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தது என்கிற ரகத்தில் 650 சொல் வந்து விழுந்தது. பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளத்தின் கட்டுரைக்கு அதுதான் உச்ச வரம்பு, கச்சிதமாக நிரப்பியிருந்தது. அதைத் தள்ளிவிட்டு, ‘ஒரு வாக்கியம்கூட நீ எழுதக் கூடாது, கேள்வி மட்டும் கேள், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று’ என்று சாட்பாட்டிடம் சொல்லி அவளிடம் கொடுத்தேன். முதல் சில கேள்விகள் சப்பென்று இருந்தன. அப்புறம், அவர் உன்னிடம் எரிச்சல்பட்டது உண்டா என்று கேட்டது. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது: குடும்பத்தில் சொத்துப் பேச்சு எடுத்தாலே தாத்தா காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாராம். கேட்காத மாதிரி இருப்பாராம், ஆனால் யார் என்ன சொன்னார்கள் என்று மறுநாள் இவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாராம். அவள் எதைச் சொன்னாள், எதை விட்டாள் என்பதுதான் கட்டுரை ஆனது. மொத்தமும் அவளே எழுதியது, அங்கங்கே தட்டையான ஆங்கிலம், நான் கை வைக்கவில்லை. ஒரு எச்சரிக்கை: பத்துப் பன்னிரண்டு கேள்வி தாண்டியதும் போட்ட கட்டளையை அது மறந்துவிட்டு ‘ஒரு டிராஃப்ட் எழுதித் தரட்டுமா?’ என்று குழையும். மறுபடி அதட்ட வேண்டும்.

தகவல் விஷயத்தில் சாட்பாட்டை நம்பவே வேண்டாம். மேற்படிப்புக்கு ஏன் வருகிறேன் என்று விளக்கும் எஸ்ஓபி கட்டுரையில் இல்லாத ஆய்வகத்தையும் எப்போதோ வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்ட பேராசிரியரையும் பாராட்டி எழுதி வைத்திருக்கிறது. பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு, 2026 சேர்க்கையிலிருந்து பர்சனல் ஸ்டேட்மென்ட் என்கிற விண்ணப்பக் கட்டுரையை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டது, மொத்த அளவு பழைய 4,000 எழுத்துகள்தான். சாட்பாட்டோ பழைய மாதிரியே ஒரே நீளக் கட்டுரைக்குத் திட்டம் போட்டுத் தந்தது. டெட்லைன், கட்டணம், விதி எல்லாம் கல்லூரி இணையதளத்திலேயே பாருங்கள்.

விதி என்றதும், இதில் இடத்துக்கு இடம் மாறுகிறது. காமன் ஆப், ஏஐ தந்த உள்ளடக்கத்தைச் சொந்தப் படைப்பாகக் காட்டுவதை மோசடிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் எழுத்துப் பிழை, இலக்கணம் பார்ப்பது தவிர வேறெதற்கும் கூடாது என்கிறது. கால்டெக் என்கிற கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் வழிகாட்டிதான் எனக்குப் பிடித்தது. சிந்தனையைத் தூண்டக் கேள்விகள் கேட்க வைக்கலாம், இலக்கணம் பார்க்கலாம், ஆனால் டிராஃப்ட் போடக் கூடாது, வேறு மொழியில் எழுதியதை ஏஐயிடம் கொடுத்து மொழிபெயர்க்கவும் கூடாது. தமிழில் யோசித்து எழுதிவிட்டு ஆங்கிலமாக்கித் தரச் சொல்கிற பிள்ளைகள் இந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள், பலருக்கு இது தெரியவே இல்லை. இதற்கு நேர்மாறாக மிச்சிகன் சட்டக் கல்லூரி 2023இல் ஏஐக்குத் தடை போட்டுவிட்டு, 2025இல் ஏஐயைப் பயன்படுத்தியே எழுத வேண்டிய ஒரு விருப்பக் கேள்வியைச் சேர்த்தது!

சரி, இப்போது என்னை அதிகம் கடுப்பேற்றிய சமாச்சாரம்: ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகள். ஒரு பையன் என் கண் முன்னால் உட்கார்ந்து எழுதியதை, அப்படி ஒரு கருவி பெரும்பகுதி இயந்திரம் எழுதியது என்றது. காரணம் புரியாமல் இல்லை. அடுத்து வரும் சொல் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தால் சந்தேகப்படுவது இவற்றில் பலவற்றின் வழக்கம், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்தவர்கள் பழகிய சொற்களில் பத்திரமாகத்தான் எழுதுவார்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் டோஃபல் என்கிற ஆங்கிலத் திறன் தேர்வின் கட்டுரைகள் 91ஐ ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளைச் சராசரியாக 61 சதவீத முறை ஏஐ என்று அவை முத்திரை குத்தின. ஓபன்ஏஐயே 2023 ஜனவரியில் வெளியிட்ட தன் கண்டுபிடிப்பானை, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் எடுத்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளைகள் பயத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நன்றாக வந்த வாக்கியத்தை உடைக்கிறார்கள், வேண்டுமென்றே பிழை சேர்க்கிறார்கள், சொந்தமாக எழுதியதையே மனித நடைக்கு மாற்றித் தரும் இன்னொரு ஏஐ கருவியில் போடுகிறார்கள். சொந்தக் கட்டுரையைக் கெடுப்பதற்குப் பணம் வேறு. இதற்குப் பதில் கூகுள் டாக்ஸில் எழுதுங்கள், எப்போது என்ன எழுதினீர்கள் என்கிற பதிப்பு வரலாறு இருக்கும். யாராவது கேட்டால் திறந்து காட்டலாம்.

மேசைக்கு அந்தப் பக்கமும் சும்மா இல்லை. டியூக் பல்கலைக்கழகம் கட்டுரைக்கு எண் மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டது. ஏஐயும் பணம் வாங்கி எழுதித் தரும் ஆலோசகர்களும் வந்த பிறகு, கட்டுரையை மாணவரின் எழுத்துத் திறனுக்குச் சான்றாக எடுக்க முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2025இல் தொடங்கிய சீசனில், குறுங்கட்டுரைக்கு மதிப்பெண் போட இரண்டு மனிதர்கள் இருந்த இடத்தில் ஒரு மனிதரையும் ஒரு ஏஐயையும் வைத்தது. இரண்டு மதிப்பெண்ணுக்கும் இடைவெளி அதிகமானால் இன்னொரு மனிதர் பார்ப்பார். ஆக பிள்ளைகளுக்குக் கூடாது, படிப்பவர்களுக்குக் கூடும். எண்ணிக்கை தாங்கவில்லை என்பது புரிகிறது, ஆனாலும் இது நியாயமாகப் படவில்லை.

அதே நேரம், முன்பெல்லாம் எல்லாம் நேர்மையாக நடந்தது என்கிற புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை. வசதி உள்ளவர்கள் ஆலோசகர் வைத்துக் கட்டுரையைத் திருப்பித் திருப்பித் தேய்த்தது ஏஐக்கு முன்பே நடந்ததுதான். அப்படி யாரும் இல்லாத ஒரு பிள்ளைக்கு, ராத்திரி எத்தனை மணிக்கும் ‘இந்தக் கேள்வி என்ன எதிர்பார்க்கிறது?’ என்று கேட்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது. சந்தாவை நான் தொடர்வதற்கு இதுவே போதும்.

இன்னொரு உபயோகம், நேர்காணல் பயிற்சி. கட்டுரை மேல் நம்பிக்கை குறையக் குறைய, பேசிப் பார்ப்பதற்கு மதிப்பு கூடும் என்பது என் ஊகம். அதனால் குரல் வசதியில் பிள்ளைகளைப் பேச விடுகிறேன். முதலில் எந்தப் பதிலைச் சொன்னாலும் ‘அற்புதம்’ என்று புகழ்ந்து தள்ளியது. ‘நீ காலையிலிருந்து முப்பது பேரைப் பார்த்துக் களைத்துப்போன பேராசிரியர், பாராட்டக் கூடாது, பாதியில் குறுக்கிட்டு ஏன் என்று கேள்’ என்று சொல்லிப் பாருங்கள், உருப்படியாக வேலை செய்கிறது.