குதிகால் இரத்தப் பரிசோதனை: கோலாலம்பூர் தனியார் மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் பெற்ற சேவை

கோலாலம்பூரில் எங்கள் மகள் பிறந்த தனியார் மருத்துவமனையில், பிரசவத்திற்குப் பதிவு செய்யும்போதே, பச்சிளங்குழந்தைக்கான விரிவான வளர்சிதைமாற்றப் பரிசோதனையும் (உணவை உடல் பயன்படுத்தும் விதத்தில் உள்ள பிறவிக் குறைகளைக் குதிகால் இரத்தத்தில் தேடுவது) வேண்டுமா என்று கேட்டார்கள். பிரசவக் கட்டணத்தில் அது சேராது. தனியாகப் பணம் கட்ட வேண்டும். நாங்கள் கட்டினோம். கட்டியது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆயினும் அந்தச் சேவையில் சில இடங்களில் பாராட்டும் சில இடங்களில் கண்டிப்பும் தேவைப்படுவதால், பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் தொப்புள்கொடி இரத்தத்தைக் கொண்டு, பிறவித் தைராய்டு குறைபாடும், இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடும் இருக்கின்றனவா என்று வழக்கமாகவே பார்த்துவிடுகிறார்கள். ஜி6பிடி குறையுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் துணி அலமாரியில் அந்துருண்டை வைக்கக் கூடாது என்பது நம் பாட்டிமார்களுக்குக்கூடத் தெரியும். நான் மதிப்பிடுவது இவற்றுக்கு மேலே, பெற்றோர் விரும்பினால் மட்டும் செய்யப்படும் குதிகால் பரிசோதனையை.

இரத்தம் எடுத்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிறந்த உடனே எடுக்காமல், ஒரு நாள் கடந்து, குழந்தை நன்றாகப் பால் குடிக்கத் தொடங்கிய பிறகே எடுத்தார்கள். கருவில் இருக்கும்வரை குழந்தையின் உடலில் சேரும் கழிவுகளைத் தாயின் உடலே நச்சுக்கொடி வழியாக வாங்கி வெளியேற்றிவிடுவதால், தன் பாலைத் தானே செரிக்கத் தொடங்கிய பின்னர்தான் குறை இரத்தத்தில் தெரியவரும். தாதி குதிகாலை வெதுவெதுப்பாக்கி, நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினார். "முதல் சொட்டைத் துடைத்துவிடுவோம் அம்மா, அடுத்ததுதான் அட்டைக்கு" என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டே, வடிதாள் அட்டையிலிருந்த ஒவ்வொரு வட்டத்தையும் ஒரே தொடுதலில் நிரப்பி, இரத்தம் மறுபக்கம் வரை ஊறியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். அட்டையை வெயில் படாத இடத்தில் கிடையாக வைத்து உலர்த்தினார். 1960களில் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கத்ரி பரப்பிய இந்த எளிய முறையில், சொட்டின் மேல் சொட்டு விட்டால் அளவே பிசகிவிடும். அந்தத் தாதியின் பொறுமை இந்தச் சேவையின் பெரும் பலம்.

ஆய்வகம் அந்தத் துளியிலுள்ள அமினோ அமிலங்களையும் (புரதத்தின் கூறுகள்) அசைல்கார்னிட்டின்களையும் (கொழுப்பை உடல் எரிக்கும்போது உண்டாகும் பொருள்கள்) நிறைநிறமாலைமானி என்ற கருவியால் அளக்கிறது. லியூசின் முதலிய சில அமினோ அமிலங்களை உடலால் சிதைக்க முடியாத மேப்பிள் சிரப் சிறுநீர் நோயை எடுத்துக்கொள்வோம். பிறக்கும்போது நலமாக இருக்கும் குழந்தை, சில நாட்களில் பால் மறுத்துச் சோர்ந்து கிடக்கும். சிறுநீரில் கருகிய சர்க்கரை வாசம் வரும். கிருமித்தொற்று என்று எண்ணி நாளைக் கடத்தினால், ஏறிக்கொண்டே போகும் லியூசின் மூளையைக் கெடுத்துவிடும். முன்னதாகத் தெரிந்தால், லியூசின் மட்டுப்படுத்தப்பட்ட சிறப்புப் பாலைக் கொண்டு அந்தச் சேதத்தைப் பெரிதும் தடுக்கலாம். ஆகவே, பரிசோதனை எத்தனை நோய்களைப் பார்க்கிறது என்பதைவிட, அதன் முடிவு எவ்வளவு விரைவாகப் பெற்றோரை வந்தடைகிறது என்பதுதான் முக்கியம்.

என் வருத்தம் விளம்பரத் தாளைப் பற்றியது. அதில் "மரபணுப் பரிசோதனை" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையில் இது மரபணுவை நேரடியாகப் படிப்பதில்லை. மரபணுக் கோளாற்றால் இரத்தத்தில் ஏறி இறங்கும் பொருள்களை அளக்கிறது. நோய் உறுதியாக வேண்டுமானால் மேலும் பரிசோதனைகள் செய்ய வேண்டும்; மரபணு ஆய்வு அப்போதுதான் வரும். பெற்றோருக்கு இது சிறிய வேறுபாடன்று. முதுகுத் தண்டுவடத் தசைச் சிதைவு நோயை இந்த அளவீட்டால் கண்டுபிடிக்கவே முடியாது. அதற்கு எஸ்எம்என்1 மரபணுவையே பார்க்க வேண்டும். அறிகுறி தோன்றும் முன்பே சிகிச்சை தொடங்கினால் பலன் மிகவும் கூடும் நோய் அது. தாளைப் படித்துவிட்டு எல்லா மரபணு நோய்களையும் பார்த்தாயிற்று என்று நிம்மதியடையும் குடும்பம் ஏமாந்துபோகும். இங்கிலாந்தில் 100,000 பச்சிளங்குழந்தைகளின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து, 200க்கும் மேற்பட்ட நோய்களைத் தேடும் ஆய்வு ஒன்று உண்டு; அது வேறு, இது வேறு.

எங்கள் மகளுக்கு முதல் முடிவில், கொழுப்பை ஆற்றலாக மாற்ற உடலுக்கு உதவும் கார்னிட்டின் என்ற பொருளின் அளவு குறைவாக இருந்தது. தொலைபேசியில் அழைத்தவர், மறுபடியும் இரத்தம் எடுக்க வேண்டும், உடனே வாருங்கள் என்றாரே தவிர, எது குறைவு, என்ன பொருள் என்று ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு வீட்டில் எவரும் உறங்கவில்லை. அத்தை சாமி அறையை விட்டு எழவே இல்லை. மறுநாள் குழந்தைநல மருத்துவர்தான் பொறுமையாக விளக்கினார்: முதற்கட்டப் பரிசோதனையில் ஐயம் எழுந்தாலே நோய் என்று ஆகாது, குழந்தையின் கார்னிட்டின், தாயிடம் உள்ள குறைவையும் காட்டக்கூடும், எனவே தாயின் இரத்தத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு மாதிரிகளும் சீராகவே வந்தன. மருத்துவர் சொன்னதை அழைத்தவரே இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். பச்சை உடம்புக்காரியை ஓர் இரவு முழுவதும் அழவைத்ததை மருத்துவமனை சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பரிசோதனையை நான் பரிந்துரைக்கிறேன். கையொப்பமிடும் முன் நோய்களின் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். முடிவு எப்போது, யார் வழியாக வரும் என்றும், ஐயம் எழுந்தால் விளக்கப்போகும் மருத்துவர் யார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பு ஒரு குழந்தையைக் காரணம் தெரியாமல் இழந்தவர்களும், மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணந்தவர்களும் இந்தப் பரிசோதனைத் தொகுப்போடு நிறுத்திவிடாமல், கருவுறும் முன்பே அரசு மருத்துவரிடம் சொல்லி, கோலாலம்பூர் மருத்துவமனையின் மரபியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குவது நல்லது. பெற்றோர் இருவரிடமும் ஒரே குறை மரபணு மறைந்திருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. அந்தக் குடும்பங்களுக்குக் குறிப்பிட்ட அந்த மரபணுவையே தேடும் ஆய்வுதான் தேவை. பொதுவான தொகுப்பு போதாது.