புஷ்மன்ஸ் நெக் சுனை நடை: வழிகாட்டிக்கு முழு மதிப்பெண், ஆபீஸுக்குப் பாதி

தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலையில், அண்டர்பெர்க் ஊர்ப் பக்கம் இருக்கும் புஷ்மன்ஸ் நெக்கில் காலையில் கிளம்பி, தடமே இல்லாத புல்மேட்டில் ஏறி, மேலே இருக்கும் சுனைகளைக் காட்டிவிட்டு இருட்டுவதற்குள் கீழே கொண்டுவந்து விடுகிறார்கள். சின்ன அளவில் நடத்துகிறவர்கள், குறையும் சொல்லப்போவதால் பேர் வேண்டாம். தலைக்கு 850 ராண்ட், பூங்கா நுழைவுக் கட்டணம் தனி. டர்பனிலிருந்து வருகிறவர்கள் முந்தின இரவே அண்டர்பெர்க்கில் தங்கிவிடுங்கள்.

விளம்பரத்தில் "மிதமான நடை" என்று போட்டிருக்கிறார்கள், அதை நம்ப வேண்டாம். தூரம் பெரிசில்லை, கால் வைக்கிற இடம்தான் பாடாய்ப் படுத்துகிறது: குத்துக்குத்தாகப் புல், நடுநடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளம், அடியில் கல்லா சேறா என்பது மிதித்த பிறகுதான் தெரியும். வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு காவடி எடுக்கிற எங்கள் மாமாவே கொஞ்ச நேரத்தில் "டேய், ரோடு எங்கடா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் வந்த வழிகாட்டித் தம்பி இருக்கிறாரே, கொடுத்த காசு அவருக்கே சரியாகப் போச்சு. கிளம்புமுன் மலைப் பதிவேட்டில் எல்லார் பேரும், போகும் வழியும், திரும்பும் நேரமும் எழுதவைத்தார், இறங்கியதும் மறக்காமல் கையெழுத்துப் போட்டு முடித்தார். நாம் திரும்பவில்லை என்றால் தேடுவதற்கு அந்த ஏடுதான் ஆதாரம். இந்தப் பக்கம் மேட்டைச் சுற்றி வெளிர் மணற்பாறை சுவராக நிற்கிறது, ஏறுவதற்கு இடுக்கு சில இடங்களில்தான் உண்டு. அவர் ஜிபிஎஸ்ஸைவிட ஈலாண்ட் மான்கள் நடந்த சுவட்டைத்தான் அதிகம் பார்த்தார், "அதுக்கும் முட்டி வலிக்குமில்ல, சுலபமான வழியைத்தான் பிடிக்கும்" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பாறையில் கை ஊன்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் குச்சியால் தட்டிப் பார்க்கச் சொன்னார். பஃப் ஆடர் பாம்பு மற்றதைப் போல ஆள் சத்தம் கேட்டு ஓடாது, அப்படியே படுத்துக் கிடக்கும்.

சுனைகள் பற்றி: நாங்கள் போனது புரட்டாசி, இங்கே வறண்ட குளிர்காலம் அப்போதுதான் முடிந்திருக்கும். மழைத் தண்ணீரை நம்பியிருக்கிற ஆழமில்லாத சுனைகள் என்பதால் சிறியவை வற்றி, மண் ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது. பெரியதில் முழங்கால் அளவு தண்ணீர், கரையோரம் கறுப்புக் கறுப்பாகத் தலைப்பிரட்டைகள், கால் வைத்தால் பாதம் மரத்துப்போகும் குளிர். அதற்கே அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டோம். எல்லைக்கு அந்தப்பக்கம், லெசோத்தோவின் செஹ்லபதேபே பூங்காவில் இன்னும் நிறையச் சுனைகள் உண்டு (2013-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள்), ஆனால் அதற்குப் பாஸ்போர்ட்டும் ஒரு ராத்திரித் தங்கலும் வேண்டும்.

இப்போது இந்த நடையை நடத்துகிறவர்களின் ஆபீஸ் கதை. புரட்டாசி விரதம், சைவம்தான் வேண்டும் என்று இரண்டு தடவை எழுதியும் பொட்டலத்தைப் பிரித்தால் கோழி சாண்ட்விச். நல்லவேளை அத்தை புளிச்சோறு கட்டியிருந்தார். அது போகட்டும், அவர்கள் வேன் ஒரு மணி நேரம் தாமதமாக வந்ததுதான் பெரிய குற்றம். மதியத்துக்கு மேல் இடி இறங்கும் மலை இது. மேற்கே மேகம் கறுத்ததும் தம்பி கடைசிச் சுனையை விட்டுவிட்டுத் திரும்பச் சொன்னார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி, மொட்டை மேட்டில் மின்னலுக்கு நாம்தான் உயரமான பொருள். ஆனால் விட்டுப்போன சுனைக்குக் காரணம் மழையாம், வேன் இல்லையாம், பணத்தில் ஒரு ராண்ட் கூடக் குறைக்கவில்லை.

போகிறவர்கள் மார்ச், ஏப்ரலில் போங்கள், மழை முடிந்து தண்ணீர் நிறைந்திருக்கும். முழுக்கால் பேண்ட், கணுக்காலைப் பிடிக்கிற பூட்ஸ் கட்டாயம். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். சாப்பாட்டை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள், வேனுக்குக் காத்திருக்காமல் சொந்த வண்டியில் காலை ஆறு மணிக்கெல்லாம் பூங்கா கேட்டுக்குப் போய்விடுங்கள். அதே தம்பிதான் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்டால் அனுப்புகிறார்கள்.