கேன்டர்பரி கதீட்ரல்: ஒரு கல் நாற்காலிக்காக இரண்டாம் தடவை

முதல் தடவை ஒரு டூர் பஸ்ஸில் போய் ஏமாந்தேன். ஒன்றரை மணி நேரம்தான். அதில் பாதி கழிப்பறை வரிசையில் போனது. இந்தத் தடவை லண்டன் செயின்ட் பேங்க்ரஸிலிருந்து வேக ரயில், ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டேன். வழிகாட்டியோடு சுற்றும் டிக்கெட்டும் சேர்த்து எடுத்தேன். அதுதான் உருப்படியான செலவு.

நான் நாற்காலி, கட்டில் செய்து பிழைப்பவன். இங்கே கொலையுண்ட ஆர்ச்பிஷப் தாமஸ் பெக்கெட் வெட்டுப்பட்ட இடத்தை எல்லோரும் படமெடுக்க, என் கண் பெரிய பலிபீடத்துக்குப் பின்னால் இருந்த ஆசனத்தைத்தான் தேடியது. புனித அகஸ்டின் ஆசனம் என்று பெயர். கேன்டர்பரியின் முதல் ஆர்ச்பிஷப்பான அவர் இங்கிலாந்துக்கு வந்தது 597. இது 13-ஆம் நூற்றாண்டு வேலை, மூன்று கல் துண்டுகள். சாய்மானம் நேர்க்குத்து. இதில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு என்ன ஆகும் என்பதுதான் என் முதல் கவலை. உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன், வழிகாட்டி அம்மா சிரித்ததோடு சரி.

கேன்டர்பரி ஆர்ச்பிஷப் (பேராயர்) பதவியேற்கும்போது இரண்டு தடவை உட்கார வைப்பார்களாம். மறைமாவட்டத்து பிஷப்பாகப் பாடகர் பகுதி இருக்கையில் ஒரு தடவை, இங்கிலாந்து முழுமைக்கும் தலைமை பிஷப்பாக இந்தக் கல்லில் இன்னொரு தடவை. 18-ஆம் நூற்றாண்டில் பலர் நேரில் வரவே இல்லை, பதிலாளை அனுப்பிக் காரியத்தை முடித்தார்கள். நாற்காலி செய்பவனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

வழிகாட்டி அம்மாவுக்கு உற்சாகம் வந்தது பிஷப் தேர்தல் கதையில்தான். எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டப்படி, பிஷப்பைத் தேர்ந்தெடுக்க அனுமதி என்று கதீட்ரல் குழுவுக்கு அரசரிடமிருந்து ஒரு தாள் வரும், யாரை என்று சொல்ல இன்னொரு தாள் வரும். கெடு பன்னிரண்டு நாள். 1967 வரை, மறுத்தால் சொத்தும் போகும், சிறையும் உண்டு என்று இருந்தது. கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டுப் பெண் பார்க்கப் போவது மாதிரி. 1847-இல் ஹாம்ப்டன் என்பவரை ஹெரிஃபோர்டு பிஷப்பாக்க அரசு நினைத்தபோது, அந்த ஊர் கதீட்ரலின் தலைமைக் குருவான டீன், என் ஓட்டு கிடையாது என்று பிரதமர் ஜான் ரஸ்ஸலுக்கு நீளமாக எழுதினார். சட்டத்தை மீறப் போவதாகத் தாங்கள் தெரிவித்த கடிதம் கிடைத்தது, அவ்வளவுதான் பதில்! அடுத்த மாதம் லண்டன் செயின்ட் மேரி லெ போ ஆலயத்தில் தேர்தலை உறுதிசெய்யும் சடங்கு. ஆட்சேபம் உள்ளவர்கள் முன்னே வரலாம் என்று முறைப்படி கூவினார்கள். வந்தவர்களிடம், உங்களைக் கேட்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். இதை அம்மா இரண்டு குரலில் நடித்தே காட்டினார்.

எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். திருநெல்வேலிப் பக்கம், வேதநாயகம் அசரியா பிறந்த வெள்ளாளன்விளைக்குப் பக்கத்து ஊர் என்றேன். ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி) சபையின் முதல் இந்திய பிஷப், 1912-இல் கல்கத்தா செயின்ட் பால்ஸ் கதீட்ரலில் அபிஷேகம் பெற்றவர் என்று சொன்னதும், பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார்.

மெல்லிய செருப்போடு போகாதீர்கள். கல் தரையின் குளிர் முழங்கால்வரை ஏறுகிறது, என் தப்புதான். அப்புறம், மாலை ஆராதனைக்கு டிக்கெட் கிடையாது. நான் இருந்துவிட்டேன். பாடகர் பகுதியிலேயே உட்கார இடம் கொடுத்தார்கள், ஆர்ச்பிஷப் இருக்கை கண்ணெதிரே. அன்றைக்கு அது காலியாகத்தான் இருந்தது. மர பெஞ்சு, சாய்மானம் பரவாயில்லை.