தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்: இரண்டரைக் கட்டையா, நாலரைக் கட்டையா?

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நாலைந்து பேர் கொண்ட குழு இந்தப் பாட்டை எடுத்தால், முதல் சண்டையே எந்த வடிவம் என்பதில்தான். இதை எழுதிய பால் சைமன் என்றதும் நம்மூரில் லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ பாடகர் குழுவும் 1986-இன் 'கிரேஸ்லாண்ட்' இசைத்தட்டும் நினைவுக்கு வரும். இது அதற்கு இருபது வருஷம் முந்தையது.

மூலப்பாட்டே இரண்டு உண்டு. 1964-இல் வந்தது கிட்டாரும் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல் என்ற இரண்டு குரலும். மறுவருஷம் தயாரிப்பாளர் டாம் வில்சன் அதே பதிவின்மேல் எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ், டிரம்ஸ் ஏற்றினார். பாடிய இருவருக்கும் அது தெரியாது. 1966 ஜனவரியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது இந்த இரண்டாவது. பழைய பதிவின் வேகம் சீராக இல்லாததால், வாசித்தவர்கள்தான் அதற்கு வளைந்துகொடுத்தார்கள். கிளிக் (தாளம் தட்டும் கருவி) வைத்து இதைப் பழகும் குழுக்கள் முதல் நாளே முட்டிக்கொள்வது அதனால்தான்.

மூலத்தின் சுருதி இரண்டரைக் கட்டை (டி ஷார்ப்) மைனர்: கிட்டாரின் ஆறாம் கட்டத்தில் கேப்போ (கம்பிகளை அழுத்தும் கவ்வி), ஏ மைனர் பிடி. ஐந்து சரணம், பல்லவி கிடையாது, மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். கோர்டுகள் எளிது, கடினம் குரல்களில். இருவரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்து, ஒரே இடத்தில் எழுத்தை முடிக்க வேண்டும். ஒருவர் அரை நொடி நீட்டினாலும் கிழிசல் தெரியும். 1964 வடிவத்தை லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்தாலும் நிற்காமல் பாடலாம் என்பது தனி லாபம்.

டிஸ்டர்ப்ட் குழு 2015-இல் போட்டது நாலரைக் கட்டை (எஃப் ஷார்ப்) மைனர்: இரண்டாம் கட்டத்தில் கேப்போ, ஈ மைனர் பிடி. மெட்டல் குழு என்று கிட்டாரை உறுமவைக்கும் டிஸ்டார்ஷன் பெடலைத் தேடாதீர்கள், அதற்கு வேலையே இல்லை. பியானோ, கிட்டார், வயலின் கூட்டம், டிம்பானி (பெரிய கிண்ண முரசு). வேகம் குறைவு, நாலு நிமிஷத்துக்குச் சற்று மேல். பாடகர் டேவிட் டிரெய்மன் அடிக்குரலில் தொடங்கி, பின்பாதியில் அதே மெட்டை ஒரு ஸ்தாயி ஏற்றிவிடுகிறார். பாட்டின் பலமும் சிக்கலும் அந்த ஏற்றம்தான்.

மெட்டைப் பாருங்கள்: முதல் வரி 'ச ச க க ப ப ம', அடுத்த வரி சட்ஜத்துக்குக் கீழே நிஷாதத்தில் தொடங்கும், 'நி நி ரி ரி ம ம க'. கீழே அந்த நி, மேலே தார ஸ்தாயி காந்தாரம். ஏற்றத்தையும் சேர்த்தால் இரண்டு ஸ்தாயிக்கு மேல் குரல் வேண்டும். உச்சம் எட்டவில்லை என்று சுருதியைக் குறைத்தால் அடி நி வெறும் காற்றாகிவிடும். அடிக்காகக் கூட்டினால் கடைசிச் சரணம் கத்தலாகும். முன்பாதியை ஒருவர், பின்பாதியை இன்னொருவர் என்று பிரிப்பதே நல்லது. பெரும்பாலான குழுக்கள் கெடுப்பது வேறு இடத்தில்: இரண்டாம் சரணத்திலேயே வால்யூமைத் தீர்த்துவிடுகிறார்கள். முதல் சரணத்துக்குப் பியானோ மட்டும் போதும். கீபோர்டின் வயலின் பேடை (நீளும் பின்னணி ஒலியை) எக்ஸ்பிரஷன் பெடலில் மெல்ல ஏற்றுங்கள். டிம்பானி இல்லையென்றால் ஃப்ளோர் டாமில் (தரையில் நிற்கும் பெரிய டிரம்மில்) பஞ்சுக்கோல்; ஆனால் கான்கிரீட் ஹாலில் நீண்ட உருட்டல் வார்த்தைகளை விழுங்கிவிடும், ஒற்றை அடியாக வையுங்கள்.

இசைந்து பாட இரண்டு குரல் இருந்தால் 1964 வடிவம்தான், யோசிக்கவே வேண்டாம். ஆழமான ஒற்றைக் குரல் கிடைத்தால் மட்டும் டிஸ்டர்ப்ட். டிரம்மர் கோபித்துக்கொள்வாரே என்பதற்காக 1965 வடிவத்துக்குப் போக வேண்டியதில்லை.

கீபோர்டில் ஏ மைனரிலேயே வாசிப்பவர் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸை டிஸ்டர்ப்டுக்கு மைனஸ் 3, மூலத்துக்கு மைனஸ் 6 வைக்கலாம். பாட்டு முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திருப்ப மறந்தால், அடுத்த பாட்டின் முதல் கோர்டிலேயே பேஸ்காரர் திரும்பி முறைப்பார்.